தாய்மாவு அறையின் சாவி

சாவியக்கா அந்தப் பொய்யைச் சொன்னபோது அவளுக்கு வயது நாற்பத்திரண்டு. அதற்கு முன்னால் அவள் பொய்யே சொன்னதில்லை என்று சத்தியம் செய்ய யாரும் வரமாட்டார்கள். ஆனால் ஒரு தடவை சொல்லிவிட்டு, அப்புறம் ஏழு வருடம் மாசாமாசம் உடம்போடு சேர்த்து ஒளித்துவைக்க வேண்டியிருந்த பொய் அது ஒன்றுதான். "எனக்கு நின்னுபோச்சு." அவ்வளவுதான் பொய். இரண்டே வார்த்தை.

அவள் வேலை பார்க்கிற ரொட்டிக்கூடம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிறது. முன்னால் கடை, நடுவில் மாவு பிசைகிற கூடம், ஒரு பக்கம் அடுப்பு, இன்னொரு பக்கம் ஒரு சின்ன அறை. அந்தச் சின்ன அறைக்கு மட்டும் பூட்டு. உள்ளே ஒரு மரத்தொட்டி. அதில்தான் தாய்மாவு இருக்கும். முந்தின நாள் மாவில் ஒரு பங்கை எடுத்து வைத்து, தினமும் புது மாவும் தண்ணீரும் ஊட்டி, அதைக் கொண்டுதான் அன்றன்றைய மாவைப் பொங்க வைப்பார்கள். முதலாளியின் தாத்தா காலத்திலிருந்து விட்டுப்போகாமல் வருகிற மாவு. அந்த ரொட்டியின் லேசான புளிப்புக்காகவே நகரத்தின் அந்தக் கோடியிலிருந்து ஆட்கள் பேருந்து ஏறி வருவார்கள்.

அந்த அறைக்குள் தீட்டு நுழைந்தால் மாவு செத்துப்போகுமாம். யார் சொன்னது என்று கேட்டுப் பாருங்கள், ஒருவருக்கும் தெரியாது. மீறினால் என்ன ஆகும் என்பது மட்டும் அத்தனை பேருக்கும் அத்துப்படி. பேருக்குக் குறைச்சல் இல்லை, தாய்மாவு! தாயாகக்கூடியவள் அந்த நாளில் கிட்டேகூடப் போகக்கூடாது, அப்படி ஒரு தாய்.

இதைக் கண்காணிக்க ஒரு பலகை இருந்தது. கூடத்து வாசலில், போகிற வருகிறவர் எல்லாம் பார்க்கிற மாதிரி. வேலை செய்கிற ஒவ்வொரு பெண்ணுக்கும் ஓர் ஆணி, ஆணிக்கு ஒரு தகர வில்லை. வில்லையின் ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் சிவப்பு. வந்துவிட்டால் திருப்பிப் போட வேண்டும். அடுப்படி ஆண்கள் பார்ப்பார்கள். மாவு மூட்டை இறக்க வருகிறவர்கள் பார்ப்பார்கள். ரொட்டி ஏற்ற வருகிற வேன் டிரைவர் இருக்கிறானே, அவன் தினமும் பலகையைப் பார்த்துவிட்டுத்தான் வண்டியையே அணைப்பான். "என்ன, இன்னைக்கு மூணு சிக்னல் விழுந்திருக்கு போல!" என்று பல்லைக் காட்டுவான். பெற்றவளுக்கும் கட்டிக்கொண்டவனுக்கும்கூடச் சொல்லத் தயங்குகிற விஷயம், அங்கே சந்தி சிரித்தது.

வில்லையைத் திருப்பியவள் ஐந்து நாள் பின்கட்டுக்குப் போக வேண்டும். பின்கட்டு என்றால் மேலே தகரக் கூரை, கீழே சிமெண்டுத் தொட்டி, அதில் சலவைச் சோடா கரைத்த தண்ணீர். அடுப்பிலிருந்து வருகிற இரும்புத் தட்டுகளை அதில் முக்கி எடுத்துத் தேய்க்க வேண்டும். "அந்த நாள்ல பொம்பளைங்களுக்கு ஓய்வு குடுக்கிறோம்" என்று முதலாளி வெளியாட்களிடம் சொல்வான். ஓய்வாம் ஓய்வு! இடுப்பு விட்டுப்போகிற நாளில் இரும்புத் தட்டு தூக்குவது ஓய்வென்றால், வேலைக்கு என்ன பெயர் வைப்பது? சோடாத் தண்ணீரில் விரல் இடுக்கெல்லாம் வெடிக்கும். ஐந்தாம் நாள் முடிந்து மாவில் கை வைத்தால் உப்பு ஏறிச் சுரீர் என்று எரியும்.

இருபது வருடம் சாவியக்கா அந்தப் பின்கட்டில் தட்டு கழுவினாள். அப்போது அவளுக்குச் சாவியக்கா என்ற பெயர் கிடையாது. அறைச் சாவி வேறொருத்தியிடம் இருந்தது. அது எப்போதும் நின்றுபோனவளிடம்தான் இருக்கும். சாவி வைத்திருப்பவள்தான் தாய்மாவுக்கு ஊட்டுவாள், மாவு பதம் சொல்வாள். அவளைத்தான் முதலாளியே "அக்கா" என்று கூப்பிடுவான். மற்றவர்களுக்கு "ஏம்மா" என்பதே அதிகம்.

பழைய சாவிக்காரிக்கு முழங்கால் போய் அவள் வீட்டோடு நின்ற அன்று, அத்தை வந்து கூடத்தின் நடுவில் நின்றாள். முதலாளியின் அப்பாவோடு பிறந்தவள், ஊருக்கெல்லாம் அத்தை. பலகை, வில்லை, பின்கட்டு எல்லாவற்றுக்கும் அவள்தான் காவல்.

"உங்கள்ல யாருக்குடி நின்னுபோச்சு?" என்று கேட்டாள், யாரிடம் தீப்பெட்டி இருக்கிறது என்று கேட்கிற மாதிரி.

சாவியக்கா தன் விரல்களைப் பார்த்தாள். மூன்று நாள் முன்னால்தான் பின்கட்டிலிருந்து வந்திருந்தாள், வெடிப்பு இன்னும் ஆறவில்லை.

"எனக்கு நின்னுபோச்சு" என்றாள்.

மூணு நாள் முன்னால பின்கட்டுல இருந்தியேடி என்று அத்தை கேட்டிருக்கலாம். கேட்கவும் செய்தாள். "அதுதான் கடைசி போல இருக்கு அத்தை. ரெண்டு மாசம் வராம இருந்துட்டு வந்துச்சு" என்று இவள் கூசாமல் அளந்தாள். அடுத்த மூன்று மாதம் அவள் வில்லை வெள்ளையாகவே தொங்கியது. அதற்குப் பிறகு சாவி கைக்கு வந்தது, ஆணியிலிருந்து வில்லை போனது.

முதல் தடவை உடம்பில் அதோடு அந்த அறைக்குள் நுழைந்த நாளை அவள் மறக்கவே மாட்டாள். பூட்டில் சாவியைப் போட்டுவிட்டுத் திரும்ப எடுத்தாள். இருபது வருடம் காதில் ஓதினதெல்லாம் எங்கே போகும்? அவளும் பாதி நம்பியிருந்தாள், அதுதான் உண்மை. எதற்கும் இருக்கட்டும் என்று முந்தின நாளே ஒரு கை மாவை எடுத்துக் கண்ணாடி ஜாடியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தாள். தொட்டியில் இருப்பது செத்தாலும் ஜாடியில் இருப்பது பிழைக்கும் இல்லையா. மாவு ஊட்டினாள், கலக்கினாள், மூடினாள். ராத்திரி முழுக்கப் பொட்டுத் தூக்கம் இல்லை.

மறுநாள் காலை திறந்தால், மாவு மூடியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது!

சந்தோஷமா பட்டாள்? அதெல்லாம் இல்லை. வயிறு பற்றி எரிந்தது. இருபது வருடம். வருடத்துக்கு அறுபது நாள். அவ்வளவும் ஒன்றுமில்லாததற்கு. மகளுக்குக் காய்ச்சல் அடித்தபோது நெற்றியில் கை வைத்தால் "அம்மா, உன் கை குத்துது" என்று அந்தக் குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டதே, அதுவும் ஒன்றுமில்லாததற்கு. அந்த அறையிலேயே, தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வாய்க்கு வந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டினாள். கதவு சாத்தியிருந்தது, நல்லவேளை.

அன்றைக்கே வெளியே வந்து பலகையைப் பிடுங்கி எறிந்திருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவள் எறியவில்லை. சாவியைக் குலுக்கிப் பார்த்துக்கொண்டாள். கைவெடிப்பு ஆறியது. முதலாளி "அக்கா" என்றான். காலையில் பலகையைச் சரிபார்ப்பது சாவிக்காரியின் வேலை, அதையும் பார்த்தாள். வில்லையைத் திருப்ப மறந்தவளுடையதை இவளே திருப்பினாள். "போம்மா, பின்கட்டுக்குப் போ" என்று சொன்னாள். சில நாள் அவளுக்கும் அன்றுதான் வந்திருக்கும். அடிவயிற்றைப் பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டு, இன்னொருத்தியைப் போகச் சொன்னாள். ஏழு வருடம்.

அந்த வீட்டு ஜாடியை மட்டும் அவள் கைவிடவில்லை. தினமும் ஒரு கரண்டி மாவு, ஒரு கை தண்ணீர். ஞாயிற்றுக்கிழமை அதில் ரொட்டி சுட்டு, ஒரு துண்டைத் திங்கட்கிழமை ரொட்டி சுடுகிற அடுப்புக்காரருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள். அவர் மென்றுகொண்டே கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். ஒன்றும் கேட்கமாட்டார்.

பிறகு ஒரு பெண் வேலைக்கு வந்தாள். இருபது வயது. வந்து எட்டு மாதம் ஆகியும் அவளைப் புதுசு என்றுதான் கூப்பிட்டார்கள். கெட்டிக்காரி. மாவைத் தொட்டே தண்ணீர் போதுமா போதாதா என்று சொல்லிவிடுவாள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை சாவியக்கா கனமான மூட்டையைச் சாய்க்க முடியாமல், "புதுசு, வந்து தொட்டி மூடியைக் கொஞ்சம் தூக்கிப் பிடி" என்று உள்ளே கூப்பிட்டாள். வில்லை வெள்ளையாக இருக்கிறவள் அவசரத்துக்கு உள்ளே வரலாம், அவளும் வந்து பிடித்தாள். இரண்டு நிமிட வேலை, கூடத்தில் இருந்தவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

மத்தியானம் புதுசுக்கு வந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை, யாருக்கும் தெரியாது. நேர்மையாகப் போய்த் தன் வில்லையைத் தானே திருப்பிவிட்டுப் பின்கட்டுக்குப் போனாள். நேர்மைக்குக் கிடைத்த பரிசைக் கேளுங்கள்.

புதன்கிழமை காலை சாவியக்கா அறையைத் திறந்தாள். எப்போதும் மூக்கில் ஏறுகிற பழவாசனை இல்லை. மாவு அடியில் படுத்துக் கிடந்தது, மேலே கலங்கல் தண்ணீர். குனிந்து மோந்தாள். ஆஸ்பத்திரி வராந்தா நாற்றம். பிளீச்சிங் பவுடர்! இது எப்படி இங்கே வந்தது என்று அவளுக்கு விளங்கவில்லை. முதலாளியிடம் ஓடிப்போய்ச் சொன்னாள்.

முதலாளிக்கு முன்னால் அத்தை வந்து சேர்ந்தாள். இந்த மாதிரி விஷயமென்றால் அவளுக்கு மூக்கில் வேர்த்துவிடும்.

"நான் சொன்னேனா இல்லையா? நேத்துக் காலையில அந்தப் புதுசு மூடியைத் தூக்கியிருக்கா. மத்தியானம் வில்லையைத் திருப்பியிருக்கா. காலையிலயே வந்துட்டு மறைச்சிருக்கா, சனியன்!"

"மறைக்கல அத்தை. சாப்பாட்டுக்கு அப்புறம்தான் வந்துச்சு" என்றாள் புதுசு.

"நீ சொன்னா நான் நம்பணுமா? இவ ஒருத்திதானோ, இன்னும் எத்தனை பேரு மறைச்சு வச்சிருக்காளுங்களோ. எல்லாரும் உடை மாத்துற ரூமுக்கு வாங்க. நான் பார்த்தே ஆகணும்."

என்ன பார்க்கப் போகிறாள் என்று எல்லோருக்கும் புரிந்தது. சொல்லவே வாய் கூசுகிறது. பேரன் பேத்தி எடுத்தவள்கூட அங்கே இருந்தாள். பெண்கள் ஒருவர் பின்னால் ஒருவர் ஒதுங்கினார்கள். முதலாளி கைப்பேசியை நோண்டிக்கொண்டு, எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்கிற மாதிரி நின்றான். சாவியக்கா போய் அந்த ரூம் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள்.

"அத்தை, மாவுல பிளீச்சிங் நாத்தம் அடிக்குது. அந்த அறைக்குச் சாவி ரெண்டுதான். ஒண்ணு என்கிட்ட, இன்னொண்ணு உங்ககிட்ட. நேத்து சாயங்காலம் யாரு உள்ள போனது?"

"நான்தான் போனேன்" என்றாள் அத்தை, நெஞ்சை நிமிர்த்தி. "தீட்டு பட்ட தொட்டியை அப்படியே விடச் சொல்றியா? மாவை வழிச்சு எடுத்துட்டு, பிளீச்சிங் தண்ணி ஊத்தி நல்லா ஊற வச்சு, தேய்ச்சுக் கழுவிட்டு, திருப்பி மாவைப் போட்டேன். சுத்தம் பண்ணினேன்டி!"

மரத்தொட்டி. பிளீச்சிங் தண்ணீர் மரத்துக்குள் எப்படி ஊறியிருக்கும்! மூன்று தலைமுறை மாவை ஒரே சாயங்காலத்தில் கொன்றுவிட்டு, சுத்தம் பண்ணினாளாம். அடுப்புக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

"கேட்டீங்களா முதலாளி? மாவைக் கொன்னது பிளீச்சிங். இந்தப் பொண்ணு இல்ல" என்றாள் சாவியக்கா.

முதலாளி கைப்பேசியைப் பையில் போட்டான். கொஞ்சம் யோசித்தான். யோசித்து அவன் சொன்னதைத்தான் சாவியக்காவால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

"சரிக்கா. ஆனா இந்தப் பொண்ணு உள்ள நுழையாம இருந்திருந்தா, அத்தை கழுவியே இருக்க மாட்டாங்கல்ல? மூலகாரணம் இவதானே. நீ நாளையிலேருந்து வர வேண்டாம்மா."

சாவியக்காவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. இந்தப் பொண்ணை உள்ளே கூப்பிட்டது யார்? அவள்தான். வாயை மூடிக்கொண்டு நின்றால் சாவி மிஞ்சும். புதுசு வீட்டுக்குப் போவாள். நாளைக்கே வேறொரு புதுசு வருவாள். மடியில் சாவி கல் மாதிரி கனத்தது.

"எனக்கு நிக்கவே இல்ல" என்றாள்.

"என்னது?" என்றான் முதலாளி.

"நிக்கலன்னு சொல்றேன். ஏழு வருஷமா மாசாமாசம் வருது. அந்த நாள்லயும் நான்தான் உள்ள போனேன். இந்தக் கையாலதான் கலக்கினேன். ஒரு நாளாவது மாவு எழும்பாம இருந்துச்சா? உங்க பொண்ணு பிறந்தநாளுக்கு வீட்டுக்கு அனுப்பினேனே, 'அக்கா, ரொட்டி பஞ்சு மாதிரி இருக்கு'ன்னு போன் பண்ணிச் சொன்னீங்களே, ஞாபகம் இருக்கா? அன்னைக்கு எனக்கு ரெண்டாம் நாள்!"

யாரோ பிசைகிற இயந்திரத்தை அணைத்தார்கள். வேன் டிரைவர் வாயைப் பிளந்துகொண்டு வாசலில் நின்றான். "நீ என்னய்யா பார்க்கிற? சிக்னல் எண்ண வந்தியா?" என்று அவனையும் ஒரு பிடி பிடித்தாள். அத்தை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள், ஏழு வருடம் தின்ற ரொட்டி வெளியே வந்துவிடும் என்று பயந்தாளோ என்னவோ. அடுப்புக்காரருக்குச் சிரிப்பு வந்து, இருமி மறைத்தார்.

முதலாளி வாசலைக் காட்டினான். "ரெண்டு பேரும் கிளம்புங்க. சாவியை வச்சிட்டுப் போங்க." இந்தத் தடவை அக்கா என்று சொல்லவில்லை.

வீட்டில் அவள் கணவர், பேருந்து ஓட்டுகிறவர், விஷயத்தைக் கேட்டுத் தலையில் கை வைத்தார். "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கக் கூடாதா?"

"ஏழு வருஷம் சும்மாதானே இருந்தேன்" என்றாள்.

இரண்டு நாள் ரொட்டிக்கூடத்தில் புதுத்தொட்டி வாங்கி, கடையில் விற்கிற ஈஸ்ட்டைப் போட்டுச் சுட்டுப் பார்த்தார்கள். ரொட்டி உப்பியது, ருசி வரவில்லை. வாங்கினவர்கள் திருப்பிக் கொண்டுவந்து கல்லா மேஜையில் வைத்துவிட்டுப் போனார்கள். அடுப்புக்காரர்தான் கடைசியில் முதலாளி காதில் போட்டார்: "அந்தம்மா வீட்டுல அதே மாவு இருக்கு. திங்கக்கிழமை திங்கக்கிழமை நான் தின்னிருக்கேன்."

வெள்ளிக்கிழமை மத்தியானம் முதலாளி வீட்டு வாசலில் வந்து நின்றான். செருப்பைக் கழற்றவா வேண்டாமா என்று தெரியாமல் ஒரு காலை மட்டும் கழற்றியிருந்தான்.

"அக்கா" என்றான்.

அக்கா திரும்பி வந்துவிட்டது! அவள் ஜாடியை எடுத்துவந்து மேஜையில் வைத்தாள். மாவு விளிம்புவரை நுரைத்து நின்றது. அவன் கண் அதிலேயே இருந்தது. ஆனால் கை நீளவில்லை.

"இல்லக்கா, கேக்கிறேனேன்னு தப்பா நினைக்காதீங்க. இது வந்து... சுத்தமா இருக்கிறப்ப மட்டும்தானே தொட்டிருப்பீங்க?"

ஐயோ, இவனை என்ன செய்ய! தொழில் படுத்துக் கிடக்கிறது, வீடு தேடி வந்திருக்கிறான், இன்னும் இதைத்தான் கேட்கிறான். சாவியக்கா மூடியைத் திறந்து, அவன் கண் முன்னாலேயே விரலை விட்டு மாவை அடிவரை கலக்கினாள்.

"இன்னைக்கு மூணாம் நாள்" என்றாள். "வேணும்னா எடுத்துட்டுப் போங்க. வேண்டாம்னா விடுங்க. எடுத்தா அந்தப் பலகை இருக்கக் கூடாது. புதுசு வேலைக்கு வரணும். அத்தைகிட்ட இருக்கிற சாவியை வாங்கிடணும்."

அவன் வாசலைப் பார்த்தான், ஜாடியைப் பார்த்தான். பிறகு இரண்டு கையாலும் ஜாடியை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். மற்றக் காலில் செருப்பு இருப்பதே மறந்து, ஒற்றைச் செருப்போடு தெருமுனைவரை போய்விட்டுத் திரும்பி வந்து எடுத்துக்கொண்டான்.

சனிக்கிழமை காலை சாவியக்கா போனபோது முதலாளி சாவியைத் திருப்பிக் கொடுத்தான், பலகை கழற்றி வைக்கப்பட்டிருந்தது. அதை முழங்காலில் வைத்து இரண்டாக உடைக்கப் பார்த்தாள், முடியவில்லை. அடுப்புக்காரர் வாங்கி முழுசாகவே நெருப்பில் தள்ளினார். அதில் தொங்கிய வில்லைகளின் பெயிண்ட் சிவப்பும் வெள்ளையுமாகக் கொப்பளித்துக் கருகியது. பெண்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். யாரோ கை தட்டினார்கள். சாவியக்காவுக்கு மனசுக்குள் ஒரு மிதப்பு இருக்கத்தான் செய்தது.

அந்த மிதப்போடு புதுசிடம் போய்ச் சாவியை நீட்டினாள். "இந்தா. இனிமே நீ பார்த்துக்கோ."

புதுசு சாவியைப் பார்த்தாள். வாங்கவில்லை.

"ஒண்ணும் ஆகாதுன்னு உங்களுக்கு ஏழு வருஷமாத் தெரியும், இல்ல?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் எங்களை அனுப்புனீங்க?" குரல் உயரவில்லை. "போன மாசம் தட்டு தூக்க முடியாம நான் பின்கட்டுல வாந்தி எடுத்தேன். நீங்க கதவுகிட்ட நின்னு பார்த்தீங்க. உங்களுக்கும் அன்னைக்கு வந்திருந்துச்சா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஏழு வருடப் பழக்கம்.

"வந்திருந்துச்சு. முதல் நாள்" என்றாள் சாவியக்கா. "சாவி கையில இருந்துச்சு. உங்களுக்காகப் பேசினா அது போயிடும். அதான் பேசல."

புதுசு தலையை ஆட்டினாள். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. மாவுக் கரண்டியை எடுத்துக்கொண்டு, திறந்து கிடந்த அறைக்குள் போனாள். கூடத்தில் மற்றவர்களும் அவரவர் வேலைக்குத் திரும்பினார்கள். ஒருத்திகூடச் சாவியக்கா முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் சாவியை எல்லோர் கைக்கும் எட்டுகிற மாதிரி சுவரில் ஓர் ஆணியில் மாட்டினாள். பிறகு பின்கட்டுக்குப் போனாள். யாரும் போகச் சொல்லவில்லை. மூன்று நாள் தட்டு குவிந்து கிடந்தது. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு சோடாத் தண்ணீரில் கையை விட்டாள். ஏழு வருடமாக மறந்துபோயிருந்த எரிச்சல் முதல் தட்டிலேயே தெரிந்தது.